குழம்புச் சட்டியின் விளிம்பில் முட்டையைத் தட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் 'உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு' குறிப்பு படித்தேன். மசாலா அளவெல்லாம் சரிதான். ஆனால் 'கொதிக்கும் குழம்பில் முட்டைகளை உடைத்து ஊற்றவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, சட்டியின் விளிம்பில் முட்டையைத் தட்டுகிற படத்தையும் போட்டிருக்கிறீர்கள். இந்தக் குழம்பு உருப்படுவதும் கெடுவதும் அந்த ஒரு வரியில்தான்.

ஈரோட்டில் மெஸ் நடத்துகிறேன். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் முட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கோடையில் கடையில் எத்தனை நாள் கிடந்த முட்டை என்று ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. நேராகச் சட்டியில் உடைத்து, அதில் ஒன்று கூமுட்டையாகிவிட்டால் புளி, தேங்காய், சின்ன வெங்காயம் அத்தனையும் வீண். எங்கள் அடுப்படியில் ஒவ்வொரு முட்டையும் முதலில் சின்னக் கிண்ணத்துக்குத்தான் போகும். மோந்து பார்த்து, அப்புறம்தான் குழம்புக்கு.

விளிம்பில் தட்டினால் ஓட்டுச் சில்லு உள்ளே குத்திக்கொண்டு போகும், மேலே ஒட்டியிருக்கும் அழுக்கும் கூடவே போகும். பல நேரம் மஞ்சள் கருவும் கிழிந்துவிடும். மேடைக்கல்லின் சமதளத்தில், முட்டையின் நடுவயிற்றில், ஒரே தட்டு போதும். அந்த இடம் லேசாக நசுங்கி விரிசல் விடும். ஓட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய சவ்வு சில்லுகளைச் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். விரிசலில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துப் பிரித்தால் மஞ்சள் கரு உடையாமல் விழும். அதையும் மீறிச் சில்லு விழுந்தால் விரலால் துரத்தாதீர்கள், வழுக்கிக்கொண்டே ஓடும். உடைத்த ஓட்டின் பாதியாலேயே அள்ளினால், அதன் கூர் வெள்ளைக் கருவை அறுத்துக்கொண்டு சில்லைத் தூக்கிவிடும். நன்றாக வேகப்போகிற முட்டைதான் என்பதால் இப்படி எடுக்கலாம்.

பிறகு தீயைக் குறைத்து, கொதி அடங்கியதும் கிண்ணத்தைக் குழம்பை ஒட்டிச் சாய்த்து, ஒவ்வொரு முட்டையையும் தனித்தனி இடத்தில் நழுவ விட வேண்டும். கரண்டி போடவே கூடாது. மூடிவைத்து, மஞ்சள் கருவும் கெட்டியாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். குழந்தைகளும் வயதானவர்களும் சாப்பிடுகிற வீட்டில் அரைவேக்காடு ஆகாது. முட்டை உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உப்பு டப்பாவைத் தொடவும் கூடாது.

புதிதாகச் சமைக்கிற பிள்ளைகள் உங்கள் குறிப்பைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அதன்படியே செய்கிறார்கள். எனவே அடுத்த இணைப்பிலாவது உடைக்கும் முறையை விரிவாகப் போடுங்கள். படத்தையும் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, ஈரோடு