மூன்று ஃபிரெட்டுக்குள் ஐந்து ஸ்வரம்

அம்மாடி,

உன் ரெகார்டிங்கைத் தம்பி அவன் போனில் போட்டுக் காட்டினான். எனக்கு நீ அனுப்பவில்லை, பரவாயில்லை, அவனுக்கு அனுப்பினால் எனக்கு வந்து சேர்ந்துவிடும் என்று உனக்குத் தெரியும். நான் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன், அப்புறம் அம்மாவுக்கும் மாட்டிவிட்டேன். "நம்ம பொண்ணா இது, நம்ம பொண்ணா" என்று அவள் ராத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் பெருமைதான். உன் வலது கை அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. பிக்கை மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போடுவதில் ஓர் இடத்தில்கூடத் தடங்கல் இல்லை, வாசிக்காத தந்தி ஒன்றுகூட அதிரவில்லை. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் லீட் வாசித்த யாருக்கும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்தச் சுத்தம் கிடையாது.

ஆனால் அந்த சோலோவில் நீ எங்கேயுமே மூச்சு விடவில்லை. ஆரம்பித்த இடத்திலிருந்து முடிகிற இடம் வரைக்கும் தந்தி சும்மா இருந்த நேரமே இல்லை. டிரம்ஸ் வாசிக்கிற பையன் நடுவில் கையைக் குறைத்து உனக்கு வழி விடுகிறான், நீ அந்த இடத்தையும் ஸ்வரத்தால் அடைத்துவிட்டாய். நீ இப்படி வாசிக்கிற ஆள் இல்லை. பொங்கலுக்கு முன்னால் ஒன்று அனுப்பினாயே, பின்னால் மாப்பிள்ளை யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம்கூடக் கேட்குமே, அதில் விட்டு விட்டுத்தான் வாசித்திருந்தாய். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய், அதுவும் "நல்லா இருக்கேன், வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். வேலை இருக்கும், நான் குறை சொல்லவில்லை. கிட்டாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதையாவது முழுசாகப் படி.

ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி.கிங் 1964 நவம்பரில் ரீகல் தியேட்டரில் வாசித்தது நீ இப்போது இருக்கிற அதே சிகாகோவில்தான். அந்தக் கட்டிடத்தை அப்புறம் இடித்துவிட்டார்கள், ஆல்பம் இருக்கிறது. நீ பத்தாவது படிக்கும்போது அதைப் போட்டுக் காட்டினால் "ஏன்ப்பா இவர் இவ்வளவு கம்மியா வாசிக்கிறார்" என்று கேட்டாய். இப்போது அதை மறுபடி கேள். பாடும்போது அவர் கிட்டாரைத் தொட மாட்டார், கிட்டார் வாசிக்கும்போது பாட மாட்டார். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், அவருடைய கிட்டார் லூசில் பதில் சொல்லும். அந்தப் பதிலில் சில சமயம் நாலைந்து ஸ்வரம்தான் இருக்கும், கூட்டம் எழுந்து கத்துகிறது. கார்டு, அதாவது பல ஸ்வரத்தை ஒன்றாகச் சேர்த்து, வாசிக்கத் தனக்கு வராது என்று வெளிப்படையாகவே சொன்ன மனிதர் அவர். அவருடைய அம்மா வழிச் சொந்தக்காரர் புக்கா வைட், தந்தி மேல் ஸ்லைடு என்கிற குழாயை வழுக்கி அழ அழ வாசிப்பவர். அது இவர் கைக்கு வரவில்லை. அந்தச் சத்தத்தை விரலாலேயே கொண்டுவரப் பார்த்ததில்தான் அவருடைய வைப்ரேட்டோ, அதாவது ஸ்வரத்தை நடுங்க வைக்கிற அசைவு, பிறந்தது. பெருவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுவார், ஆள்காட்டி விரல் மட்டும் தந்தி மேல் இருக்கும், முழுக்கையும் மணிக்கட்டோடு சேர்ந்து ஆடும். வீடியோவில் அந்தக் கையை மட்டும் பார், முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் அதிகம் நின்ற இடத்தைக் கிட்டார்காரர்கள் பி.பி. பாக்ஸ் என்கிறார்கள், உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் நான் சொல்கிற மாதிரி ஒரு தடவை பார். ஏ ஸ்ருதி என்று வைத்துக்கொள். இரண்டாவது தந்தியில் பத்தாவது ஃபிரெட்டில், வீணையில் மெட்டு என்கிறோமே அதில், ஆள்காட்டி விரலை வை, அதுதான் ஸட்ஜமம். அதே தந்தியில் பன்னிரண்டு, ரிஷபம். முதல் தந்தியில் பத்து மத்யமம், பன்னிரண்டு பஞ்சமம். மூன்றாவது தந்தியில் பதினொன்று, கீழ் தைவதம். அவ்வளவுதான், மூன்று ஃபிரெட்டுக்குள் ஐந்து ஸ்வரம், கை அந்த இடத்தை விட்டு நகரவே வேண்டாம். ச ரி ம ப த, நம் கணக்கில் சுத்த சாவேரி. அத்தை வீணையில் இதை வாசித்தால் வேறு ஊர், அங்கே வேறு ஊர், ஸ்வரம் அதேதான்.

இந்தப் பெட்டிக்குள் காந்தாரத்துக்கு என்று ஒரு ஃபிரெட் இல்லை என்பதைக் கவனி. அதை நீதான் உண்டாக்க வேண்டும். ரிஷபத்தில் விரலை வைத்துத் தந்தியை அரை ஸ்வரம் தள்ளினால் சாதாரண காந்தாரம், முழு ஸ்வரம் தள்ளினால் அந்தர காந்தாரம், சோகமும் சந்தோஷமும் ஒரே விரலுக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் இடம் உண்டு, பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. ப்ளூஸ்காரர்கள் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அத்தை ஒரே மெட்டில் தந்தியை இழுத்து மூன்று ஸ்வரத்தைக் காட்டுவாளே, நீ சின்னதில் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்திருக்கிறாய், அந்தக் காது உனக்கு அப்போதே வந்துவிட்டது. உன் ரெகார்டிங்கில் இப்படித் தள்ளுகிற பெண்டு ஒன்றுகூட முழுசாகப் போய்ச் சேரவில்லை என்பதால் சொல்கிறேன். போகிற வழியிலேயே அடுத்த ஸ்வரத்துக்கு ஓடிவிடுகிறாய். முதலில் பதினான்காவது ஃபிரெட்டை நேராக வாசி, காதில் வாங்கிக்கொள், அப்புறம் பன்னிரண்டிலிருந்து தள்ளி அதே இடத்துக்கு வா. மூன்றாவது விரலால் தள்ளு, பின்னால் மற்ற இரண்டு விரலும் துணைக்கு இருக்கட்டும், விரலின் பலத்தால் தள்ளாமல் மணிக்கட்டைத் திருப்பு. போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே நில். நின்ற பிறகுதான் வைப்ரேட்டோ. எடுத்த எடுப்பிலேயே ஆட்டினால் ஸ்ருதி சேராததை மறைக்கிற மாதிரி ஆகிவிடும், நானே அந்தத் தந்திரத்தை மேடையில் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்.

நிறுத்தி வாசி, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அந்த ஸட்ஜமத்தை மட்டும் பிடித்துக்கொள், வேறெதுவும் வேண்டாம். அடியில் ஏ கார்டு இருக்கும்போது அது வீட்டில் இருக்கிறது. ப்ளூஸின் பன்னிரண்டு பாரில், அதாவது தாள ஆவர்த்தனத்தில், ஐந்தாவதில் டி கார்டு வரும்போது, நீ விரலை எடுக்கவே இல்லை, ஆனால் அது இப்போது அந்தக் கார்டுக்குப் பஞ்சமம் ஆகிவிட்டது, கொஞ்சம் அகலமாகக் கேட்கும். ஒன்பதாவது பாரில் ஈ கார்டு வந்தால் அதே ஸ்வரம் மத்யமம் ஆகி, அந்தக் கார்டுக்குள் இருக்கிற ஜி ஷார்ப்போடு உரசிக்கொண்டு, இருக்கவும் முடியாமல் இறங்கவும் மனசில்லாமல் தவிக்கும். நீ எதையும் செய்யாமலே அதற்கு மூன்று அர்த்தம் வந்துவிட்டது. வேகமாக ஓடுகிறவர்களுக்கு இது காதில் விழுவதே இல்லை. ராக் பாடகர் நீல் யங் 1969-இல் ஒரு சோலோ முழுவதையும் கிட்டத்தட்ட ஒரே ஸ்வரத்தைத் தட்டித் தட்டியே வாசித்தார், அது இன்றைக்கும் நிற்கிறது.

நீ கேட்கலாம், சும்மா நாலு ஸ்வரத்தைப் போட்டுவிட்டு ஆழம் என்று சொல்லலாமா என்று. சொல்லக் கூடாதுதான். உள்ளே ஒன்றும் இல்லாமல் குறைவாக வாசித்தால் அது வெறும் குறைவு. பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மர் 1975 ஆல்பத்தில் வாசித்த அந்த நாலு ஸ்வரத்தைப் பார்: பி ஃப்ளாட், எஃப், ஜி, ஈ. ஒத்திகையில் தற்செயலாகக் கையில் வந்தது, கேட்டவுடனே அதே குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் பிடித்துக்கொண்டார். முதல் மூன்றும் ஜி மைனருக்குள் சமத்தாக இருக்கும், நாலாவது மட்டும் வெளியாள், அது வந்து விழுந்ததும் மனசு என்னமோ செய்யும். அந்தப் பாட்டு, அவர்களோடு இருந்து மனம் சரியில்லாமல் போய் 1968-இல் குழுவிலிருந்து விலகிப்போன ஸிட் பாரெட்டை நினைத்து எழுதியது. அதை மிக்ஸ் செய்துகொண்டிருக்கும்போது 1975 ஜூனில் அவரே ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். தலைமுடி, புருவம் எல்லாம் மழித்து, உடம்பு பருத்துப்போய். கூடவே வாழ்ந்தவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அழுதிருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்ததிலிருந்து அந்த நாலு ஸ்வரத்தையும் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. நம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்று நமக்கே தெரியாமல் போகிறதே என்றுதான் தோன்றுகிறது.

அதே 1975-இல் இங்கே எம்.எஸ்.வி., பாலமுரளிகிருஷ்ணா உண்டாக்கிய மகதி ராகத்தை எடுத்து ஜேசுதாஸைப் பாட வைத்தார். ச க ப நி, அங்கேயும் நாலே ஸ்வரம். அந்தப் பாட்டை மேடையில் வாசிக்கும்போது எங்கள் கீபோர்டுகாரர் நடுவில் ஓர் இடத்தைக்கூட நிரப்ப விட மாட்டார், கண்ணாலேயே அடக்குவார். அவர் உன்னைக் கேட்காத நாள் இல்லை.

உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கோபம் வருகிறது. எதுவும் தெரியாத பிள்ளை என்றால் கைதட்டிவிட்டுப் போயிருப்பேன். இரவு வேலை முடிந்து வந்ததும் ஆம்ப்பை மெதுவாக வை, பன்னிரண்டு பாருக்கு ஒரு டிராக்கைப் போட்டுக்கொண்டு ஒரே ஸ்வரத்தை வாசி. மெதுவாக, அழுத்தி, பிக்கைக் கீழே வைத்துவிட்டு விரல் சதையால், கிட்டாரின் வால்யூமைக் குறைத்து ஏற்றி. அது அலுக்காத வரைக்கும் இரண்டாவது ஸ்வரத்துக்குப் போகாதே. அப்புறம் முதலில் வாயால் பாடு, பாடினதை மட்டும் வாசி. பாடும்போது மூச்சு முடிகிற இடத்தில் கையும் முடியட்டும். முடிந்ததும் இரண்டு பார் சும்மா இரு. சும்மா இருக்கும்போது பயமாக இருக்கும், ஏதாவது வாசித்து அடைக்கத் தோன்றும், அடைக்காதே, கூட வாசிக்கிறவர்களைக் கேள்.

ஊர்ச் செய்தி என்ன எழுத. சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்தது, மழை வரும் என்று பயந்தோம், வரவில்லை. பெரியம்மா முட்டி வலியோடு வந்திருந்தார்கள். சம்பந்தி அம்மாவும் வந்தார்கள். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார்கள், என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள், பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டார்கள். உன் கல்யாணத்தில் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினவர்கள். வெயில் தாங்கவில்லையோ என்னவோ. அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. சரி, அதை விடு. கிரகப்பிரவேசத்தில் வேறு என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை, தம்பியைக் கேள், படம் எல்லாம் அவன்தான் எடுத்தான்.

உனக்கு நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிற அப்பா இல்லை, நீயும் எல்லாவற்றையும் சொல்கிற பிள்ளை இல்லை, அது உன் பாட்டி வழியில் வந்தது. ஆனாலும் பன்னிரண்டாவதில் நீ காலேஜ் மாற்றிக்கொள்ள நினைத்ததை எழுதித்தானே என் சட்டைப் பையில் வைத்தாய். நான் அதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை, உன்னோடு வந்து மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன எழுதினாலும் அப்படித்தான் நடக்கும். நாலு வார்த்தை எழுதினால் போதும். விளக்கம் எதுவும் எனக்கு வேண்டாம், அம்மாவுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

குளிரில் கிட்டாரை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, மரம் காய்ந்து ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். கேஸுக்குள் ஈரப்பதத்துக்கு ஒன்று வைப்பார்களே, அதை வாங்கி வை. நீ விட்டுப்போன பழைய கிவ்சன் கிட்டாருக்கு நான் புதுத் தந்தி மாட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு அதைத் துடைப்பது ஒரு வேலை.

அடுத்த தடவை வாசித்தால் எனக்கே நேராக அனுப்பு. ஒரு நிமிஷம் போதும், அந்த ஐந்து ஸ்வரத்துக்குள், நடுவில் இடம் விட்டு. நிறுத்தி வாசி.

அப்புறம், எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் புதுப்பித்தாயிற்று. விசா இன்னும் பல வருஷத்துக்கு இருக்கிறது. எந்த மாதம் வந்தால் உனக்குத் தோது என்று சொல், டிக்கெட் நான் போட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்வதானால் கேட்டுச் சொல், கேட்க வேண்டாம் என்று இருந்தால் கேட்காதே, நீ மட்டும் சொன்னால் போதும். உன் அறையிலேயே ஒரு பாய் விரித்துக்கொண்டால்கூட எங்களுக்குப் போதும்.

அப்பா