பழைய கிராங்கைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பகுதியில் அமெரிக்க மசில் கார்களை, அதாவது பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். 1964 இல் பான்டியாக் ஜிடிஓ வந்ததில் தொடங்கி கமரோ, மஸ்டாங், செவெல் வரைக்கும் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது பழைய வார்ப்பு கிராங்கை (பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு, உருக்கி அச்சில் ஊற்றிச் செய்தது) எடுத்துவிட்டு, பழுக்கக் காய்ச்சி அழுத்தி உருவாக்கிய ஃபோர்ஜிங் கிராங்க் ஒன்று வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் டெட்ராய்ட் பக்கம் பழைய இன்ஜின்களை அளந்து, கடைந்து, திரும்பக் கட்டித் தரும் பட்டறையில் வேலை செய்கிறவன். கார் கம்பெனி வேலைக்காக மிச்சிகன் வந்த நம் ஆட்களில் சிலர் இப்போது பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டு கராஜில் நிறுத்தி, சனி ஞாயிறுகளில் வேலை பார்க்கிறார்கள், உங்கள் பத்திரிகையையும் படிக்கிறார்கள். அந்த வரியை நம்பி ஒருவர்கூட வீணாகப் பணத்தைக் கொட்டிவிடக் கூடாது.

முதலில் பிளாக்கை, அதாவது இன்ஜினின் உடம்பைப் பார்க்க வேண்டும், கிராங்கை அப்புறம் பார்க்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதிகம் பேர் கையில் இருப்பது செவ்ரோலெட்டின் ஸ்மால் பிளாக் என்ற வி-8 இன்ஜின் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே இன்ஜின் போலத்தான் இருக்கும். ஆனால் 1967 வரைக்குமான 283, 327 இன்ஜின்களில் (இந்த எண்கள் கன அங்குலத்தில் இன்ஜினின் அளவு) மெயின் ஜர்னல், அதாவது கிராங்க் பிளாக்கில் உட்கார்ந்து சுழலும் உருளைப் பகுதி, 2.30 அங்குல விட்டம். 1967 கமரோவில் 350 வந்தபோது அது 2.45 அங்குலம் ஆனது, அடுத்த வருடம் 327 க்கும் அந்த அளவே வந்தது. 1970 இல் வந்த 400 க்கு 2.65. அதனால் 'ஸ்மால் பிளாக் கிராங்க்' என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் வாங்கினால் அது உங்கள் பிளாக்கில் உட்காருமா என்பதே சந்தேகம். இதோடு பின்பக்க ஆயில் சீல் வேறு இருக்கிறது. 1985 வரை இரண்டு துண்டு சீல், 1986 முதல் ஒரே வளையம். கிராங்கின் பின்முனை இரண்டுக்கும் ஒன்றல்ல. எங்களிடம் வந்த ஒருவர் 1970 மாடல் 350 க்கு இணையத்தில் ஒரு கிராங்க் வாங்கியிருந்தார். ஜர்னல், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) எல்லாம் சரி, சீல் மட்டும் புது மாதிரி. விற்ற கடை '350 க்குப் பொருந்தும்' என்றே போட்டிருந்தது, திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டது. கடைசியில் அவர் தன் பழைய கிராங்கையே சாணை பிடித்துப் போட்டுக்கொண்டார், வண்டி அருமையாக ஓடுகிறது.

அந்தப் பழைய கிராங்க் வார்ப்புதான். கையில் இருப்பது வார்ப்பா ஃபோர்ஜிங்கா என்று தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. கிராங்கின் கைகளின் (ஜர்னல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பகுதிகள்) ஓரத்தில் அச்சு பிரிந்த கோடு ஒன்று ஓடும். அது மெல்லிய கோடாக இருந்தால் வார்ப்பு, விரல் அகலத்துக்குப் பட்டையாகச் சீவி விட்டது போல இருந்தால் ஃபோர்ஜிங். சின்னச் சுத்தியலால் தட்டினால் ஃபோர்ஜிங் மணி மாதிரி ஒலிக்கும், வார்ப்பு 'தொப்' என்று அடங்கிவிடும். 350 இல் 3932442 என்ற வார்ப்பு எண்ணைப் பார்த்துவிட்டு 'ஐயோ, வார்ப்பா' என்று முகம் வாடுகிறவர்கள் நிறையப் பேர். வாட வேண்டியதில்லை. அது சாதாரணச் சமையல் சட்டி இரும்பு அல்ல, கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கும்படி வார்த்த நாடுலர் இரும்பு. தெருவில் ஓட்டும் வண்டிக்கு, 400 குதிரைசக்திக்குக் கீழே, ஆறாயிரம் சுற்றைத் தாண்டி விரட்டாதவருக்கு அது தாராளமாகப் போதும் என்பதே என் உறுதியான எண்ணம்.

தொழிற்சாலையே இப்படித்தான் யோசித்தது. கமரோவின் சாதாரண 350 க்கு வார்ப்பு கிராங்க் கொடுத்த அதே கம்பெனி, கமரோவின் இசட்-28 மாடலில் இருந்த 302 க்கு ஃபோர்ஜிங் ஸ்டீல் கிராங்க் போட்டது. ஏனென்றால் அந்த 302 ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் அடங்க வேண்டும் என்று 4 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), 3 அங்குல ஸ்ட்ரோக்கில் கட்டியது, உயர் சுற்றில் பிழிந்து ஓட்டப்படுவதற்கே பிறந்தது. 1970 செவெலில் வந்த 450 குதிரைசக்தி 454 க்கும் ஃபோர்ஜிங்தான். வண்டி என்ன வேலை செய்யப் போகிறது என்பதை முடிவு செய்துவிட்டு அதற்குத் தக்க கிராங்க் போட்டார்கள். நீங்கள் டர்போவோ நைட்ரஸோ போடப் போகிறீர்கள், டிராக் பந்தயத்துக்கு எடுத்துப் போகிறீர்கள் என்றால் நான் மறுபேச்சே பேச மாட்டேன், நல்ல 4340 ரக ஸ்டீல் ஃபோர்ஜிங் வாங்குங்கள்.

சரி, பழைய கிராங்க் தேறுமா என்று எப்படிப் பார்ப்பது? இதில் அவசரமே கூடாது. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, காந்தமேற்றி, ஒளிரும் இரும்புத் தூள் கலந்த திரவத்தை மேலே ஊற்றி, இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்போம். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் தூள் சேர்ந்து பச்சையாக ஒரு மயிரிழை மின்னும். பெரும்பாலும் ஜர்னல் முடிந்து கை ஆரம்பிக்கும் அந்த உள்வளைவில்தான் தெரியும். வெறும் கண்ணுக்குக் கண்ணாடி போலப் பளபளக்கும் ஜர்னலில்கூட அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்திருக்கிறேன், பார்த்தவுடன் வயிற்றைப் பிசையும். அதோடு அந்த கிராங்கின் கதை முடிந்தது. விரிசல் இல்லையென்றால் இரண்டு முனையையும் வி-பிளாக்கில் வைத்து நடு மெயினில் டயல் கேஜ் வைத்துச் சுற்றி வளைவு பார்க்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தேய்மானம் இருந்தால் 10 தௌ, 20 தௌ, 30 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சாணை பிடிக்கலாம், அந்தந்தக் குறைந்த அளவுக்கு பேரிங் கடையில் கிடைக்கிறது. 10 தௌ என்பது கால் மில்லிமீட்டர்தான், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது அந்த உள்வளைவை ஒழுங்காக விடாமல் கூர்மூலையாகச் சாணை பிடித்துவிடும் பட்டறைக்கு. கிராங்க் உடைவது அந்த மூலையில் இருந்துதான். நைட்ரைடு செய்து மேல்தோலைக் கடினமாக்கிய கிராங்க் என்றால் ஆழமாகச் சாணை பிடித்த பிறகு அந்தத் தோல் போய்விடும், திரும்ப நைட்ரைடு செய்ய வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பேரிங் இடைவெளிக்கு, ஜர்னல் விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஒரு தௌ என்ற பழைய கணக்கு இன்றும் சரிப்பட்டு வருகிறது. 2.45 அங்குல ஜர்னலுக்கு இரண்டரை தௌ.

இனி, நிறையப் பேருக்கு ஆசை காட்டும் 383 விஷயம். 350 பிளாக்கின் சிலிண்டர்களை 30 தௌ அகலமாகக் கடைந்து (ரீபோர்), 400 இன் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்கைப் போட்டால் 383 கன அங்குலம் வரும். முன்பு 400 கிராங்கின் மெயினை 2.65 இல் இருந்து 2.45 க்குக் கடைந்து போடுவார்கள். இன்று 350 மெயின் அளவிலேயே 3.75 ஸ்ட்ரோக் கிராங்க் புதிதாகக் கிடைக்கிறது. கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும் இழுவை உண்மையாகவே சுகமானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த கிராங்கின் விலையோடு செலவு நிற்காது. பிஸ்டன் மாற வேண்டும், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் பிளாக்கின் அடி விளிம்பிலும் கேம் ஷாஃப்டிலும் இடிக்காமல் இருக்க அங்கங்கே சீவ வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும்.

பேலன்ஸ் என்பதைத்தான் எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். பழைய 350 உள்ளேயே, அதாவது கிராங்கின் எடையாலேயே பேலன்ஸ் ஆனது. 400 க்கோ கிராங்கின் முன்னால் அதிர்வைக் குறைக்கும் டாம்பரிலும் பின்னால் ஃபிளைவீல் என்ற கனச் சக்கரத்திலும் கூடுதல் எடை உண்டு. ஃபோர்டு 302 க்கும் வெளியில் இப்படி எடை உண்டு, பழைய மஸ்டாங்கில் அது 28 அவுன்ஸ்-அங்குலம், 1980களின் தொடக்கத்திலிருந்து 50. பழைய கிராங்கோடு புதிய ஃபிளைவீலைச் சேர்த்துவிட்டால் போல்ட் எல்லாம் அழகாகப் பொருந்தும், இன்ஜின் மட்டும் நடுங்கி நடுங்கி பேரிங்கைத் தின்றுவிடும். அதனால் கிராங்க் புதிதோ பழையதோ, பிஸ்டன், ராட், டாம்பர், ஃபிளைவீல் எல்லாவற்றையும் சேர்த்தே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். 'பேலன்ஸ் செய்தது' என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் எந்த எடை பிஸ்டனுக்கு, எந்த ராடுக்குச் செய்தது என்று கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

உங்கள் கட்டுரையாளருக்கு இந்த கார்கள் மேல் இருக்கும் பிரியம் எனக்கும் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அடுத்த முறை இன்ஜின் கட்டுவது பற்றி எழுதும்போது ஜர்னல் அளவு, சீல் வகை, பேலன்ஸ் வகை மூன்றையும் வருட வாரியாக ஒரு சின்னக் கட்டத்தில் போட்டுவிடுங்கள். வாங்கப் போகிறவர் அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவார்.

இப்படிக்கு,
இன்ஜின் பட்டறை ஊழியர் ஒருவர்,
மிச்சிகன்