நின்றுகொண்டிருந்த கார் எப்படி ஐயா மோதும்?

மதிப்பிற்குரிய போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். பைபாஸ் சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்ற காரும் பின்னால் வந்த பைக்கும் சம்பந்தப்பட்ட வழக்கு பற்றி எழுதுகிறேன். கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அந்தக் காரை அன்று ஓட்டிய ஆக்டிங் டிரைவர் நான். எஃப்.ஐ.ஆரில் 'எதிரி' என்று எழுதியிருப்பது என்னைத்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சிக்னலுக்கு நேர் எதிரே உள்ள மருந்துக்கடையின் கேமரா பதிவை எடுத்துப் பாருங்கள். பார்த்த பிறகும் என் மேல்தான் தப்பு என்று தோன்றினால் நீங்கள் சொல்லும் கோர்ட்டில் வந்து நிற்கிறேன்.

நான் காரை 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டி வந்து, முன்னால் போன பைக்கின் மீது மோதியதாக எஃப்.ஐ.ஆர். சொல்கிறது. காரைப் பார்த்தவர்கள் யாராவது அந்த வரியைப் படித்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. காரின் முன்பக்கத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது. நம்பர் பிளேட்டில் வைத்த சந்தனப்பொட்டு அப்படியே இருக்கிறது. அடி எல்லாம் பின்னால். பின் பம்பரின் இடது மூலை உள்ளே போயிருக்கிறது, இடது டெயில் லாம்ப் உடைந்திருக்கிறது, பம்பர் இடுக்கில் பைக்கின் முன் மட்கார்டுத் துண்டு ஒன்று செருகிக்கொண்டு நிற்கிறது. கார் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற நாட்களில் டீ குடிக்கப் போய்வரும் யார் கண்ணிலும் அது பட்டிருக்கும். முன்னால் போன பைக்கைக் காரின் பின்பக்கத்தால் இடிக்க வேண்டுமென்றால் நான் ரிவர்ஸிலேயே ஊரைச் சுற்றி வந்திருக்க வேண்டும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஆர்டிஓ ஆபீஸிலிருந்து மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து இரண்டு வண்டிகளையும் பார்த்து எழுதிக்கொடுத்த அறிக்கையிலும் அதுவே இருக்கிறது. காருக்குப் பின்னால் சேதம், பைக்குக்கு முன்னால் சேதம். அந்த அறிக்கையும் எஃப்.ஐ.ஆரும் உங்கள் கோப்பில் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. அடுத்தடுத்த தாள்களாக இருந்தும் ஒன்று சொல்வது இன்னொன்றுக்குத் தெரியவில்லை.

பைக் ஓட்டிய தம்பி மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. கீழே விழுந்ததும் முதலில் ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். முட்டியில் சிராய்ப்பு, உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. "பிரேக் பிடிக்கலண்ணே" என்று அவரே சொன்னார். காருக்குள் பின்சீட்டில் இருந்த கார்க்கார அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொடுத்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பைக் கீழே கிடக்கிறது, கார் நிற்கிறது. அப்புறம் விசாரணை எதற்கு? "கார்க்காரன்தான்" என்று ஒருவர் சொல்ல, சிக்னல் பச்சை விழுவதற்குள் தீர்ப்பே வந்துவிட்டது. கூட்டத்துக்கு அது போதும், தெருவில் நிற்பவர்களிடம் நான் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் தீர்ப்பையே அடுத்த நாள் ஸ்டேஷனில் தட்டச்சு செய்து முத்திரை குத்தியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ரைட்டர் ஐயா என்னைத் தனியாக அழைத்து அக்கறையாகவே சொன்னார்: "உனக்கென்னப்பா நஷ்டம்? இன்சூரன்ஸ்காரன்தானே கட்டப்போறான். கோர்ட்டுல ஒத்துக்கிட்டா ஃபைனோட முடிஞ்சிடும். எதுக்கு இழுத்துக்கிட்டு?" ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அஜாக்கிரதையாக ஓட்டியதற்கான 281-ஆவது பிரிவில் அதிகபட்ச அபராதம் 1,000 ரூபாய்தான் என்பது எனக்கும் தெரியும். சிறு காயத்துக்கான 125(அ) பிரிவையும் சேர்த்தால் இன்னும் 5,000 வரை போகலாம். இரண்டிலும் ஆறு மாதம் வரை ஜெயில் என்றும் எழுதியிருக்கிறது, அதை மட்டும் அவர் சொல்லவில்லை. போகட்டும். அபராதத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். கட்டிய அன்றே நான் குற்றவாளி என்று ஆகிவிடுமே, அதை என்ன செய்வது?

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டுகிறேன். ஆக்டிங் டிரைவருக்குச் சொந்த வண்டி கிடையாது. கடை கிடையாது, போர்டு கிடையாது. இருப்பது லைசென்ஸும் நல்ல பெயரும்தான். "அண்ணே, காலைல நாலு மணிக்குத் திருச்செந்தூர் போகணும், குழந்தைங்க இருக்காங்க, மெதுவா ஓட்டுவீங்கல்ல?" என்று கேட்டுத்தான் கூப்பிடுவார்கள். யாரோ ஒருவர் இன்னொருவருக்கு நம்பர் கொடுத்து, அவர் மூன்றாமவருக்குக் கொடுத்து, அப்படிச் சேர்ந்தவை என் வேலைகள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் குடும்பத்தோடு தூங்கிக்கொண்டே வந்தவர்கள் உண்டு. தூங்குகிறார்கள் என்றால் நம்புகிறார்கள் என்று அர்த்தம். இப்போது போன் வந்தால் "கொஞ்ச நாள் ஊர்ல இல்ல சார்" என்று பொய் சொல்கிறேன். ஒரு தடவை சொன்னால் மறுபடி கூப்பிடுவார்கள், இன்னொரு தடவையும் கூப்பிடுவார்கள். அதற்கப்புறம் வேறு நம்பருக்குப் போய்விடுவார்கள், அதில் அவர்கள் தப்பு என்ன? ஒருவர் மட்டும் நேராகவே கேட்டார்: "உங்க மேல ஆக்ஸிடென்ட் கேஸ் இருக்காமே?" பின்னாலிருந்து வந்து இடித்தார்கள் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அந்த வாரம் அவர் வீட்டு வண்டியைக் குற்றாலத்துக்கு ஓட்டிப்போனது வேறொருவர். பேட்டா போனது பெரிதில்லை. அந்த வீட்டுப் பையன் எல்.கே.ஜி. போன நாளிலிருந்து நான் ஓட்டிய வண்டி அது.

அன்று லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 206-ஆவது பிரிவின்படி லைசென்ஸைப் பிடித்துவைத்தால் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், லைசென்ஸ் திரும்பி வரும்வரையோ அதில் குறித்த தேதிவரையோ அந்தச் சீட்டை வைத்தே வண்டி ஓட்டலாம். எனக்கு அது தரப்படவில்லை. கேட்டதற்கு "அதெல்லாம் இங்கே கிடையாது" என்றார்கள். டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டலாமே என்பீர்கள். காட்டினேன். "ஒரிஜினல் எங்கே?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி, "ஸ்டேஷன்ல" என்று பதில் சொன்ன பிறகு யார் சாவியைக் கொடுப்பார்கள்? இப்போது ஒரு அபார்ட்மெண்டில் கார் கழுவிக்கொண்டிருக்கிறேன். ஓட்டின கார்கள் சிலவும் அதில் இருக்கின்றன.

ஆகவேதான் திரும்பவும் கேட்கிறேன், அந்தக் கேமரா பதிவைப் பாருங்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர், எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டினார். கார் நிற்பதும், பிரேக் விளக்கு எரிவதும், பைக் நேராக வந்து முட்டுவதும் தெளிவாகத் தெரிகிறது. அதை மொபைலில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். "இதெல்லாம் செல்லாது, டிவிஆர் பெட்டியிலிருந்து முறைப்படி எடுக்கணும், சான்றிதழ் வேணும்" என்றார் ஏட்டய்யா. மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் இருப்பது உண்மை. சரி, அப்படியே முறைப்படி எடுங்கள். யார் எடுப்பது? நான் போய்க் கேட்டால் "போலீஸ் லெட்டர் கொண்டு வாங்க, தர்றேன்" என்கிறார் கடைக்காரர், அவரையும் குறை சொல்ல முடியாது. போலீஸில் கேட்டால் "தேவைப்பட்டா எடுப்போம்" என்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு இந்த நியாயம் எதுவும் தெரியாது ஐயா. டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பதியும். என் வழக்கு உங்கள் அலமாரியில் தூங்கலாம், அந்தப் பெட்டி தூங்காது.

காரில் இருந்த அம்மாவின் வாக்குமூலத்தையும் எடுக்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கண் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தார். "கார்ல இருந்தவங்க காருக்குத்தான் சாதகமா பேசுவாங்க" என்று காரணம் சொன்னார்கள். நியாயம்தான். அப்படியென்றால் சம்பவம் நடந்த பிறகு வந்து சேர்ந்த பைக்காரரின் சித்தப்பா எப்படி நேரில் பார்த்த சாட்சி ஆனார்?

நம் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. சைக்கிளும் பைக்கும் மோதினால் பைக் மேல் கேஸ், பைக்கும் காரும் மோதினால் கார் மேல் கேஸ், காரும் லாரியும் மோதினால் லாரி மேல் கேஸ். லாரிக்காரருக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்றால் அவர் ரயிலோடுதான் மோத வேண்டும்போல. முன்னால் நிற்கும் வண்டியிலிருந்து போதிய இடைவெளி விட்டு வர வேண்டியது பின்னால் வருபவரின் பொறுப்பு என்பது எல்.எல்.ஆர். வாங்கப் போகிறவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். அந்தப் பாடம் ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும்தான் செல்லும் என்று இப்போது தெரிகிறது.

காயம்பட்டவருக்குப் பணம் கிடைக்க ஒரு வழி வேண்டும், அதற்காகத்தான் இப்படி எழுதுகிறோம் என்று சிலர் சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவில் இழப்பீடு கேட்க வேண்டுமென்றால் எதிர்த்தரப்பின் தப்பைக் காட்டியாக வேண்டும், அதற்கு எஃப்.ஐ.ஆரில் ஒரு பெயர் வேண்டும். முட்டிச் சிராய்ப்புக்கு மருந்து வாங்கும் காசை அன்றே நான் கொடுத்திருப்பேன், கேட்டிருக்கலாம். ஆனால் அடுத்த நாள் காலையில் பைக்காரரோடு ஸ்டேஷனுக்கு வந்தவர் அவர் அப்பா இல்லை, கையில் ஃபைலோடு ஒரு புரோக்கர். இப்படிப்பட்டவர்கள் ஸ்டேஷனுக்குள் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என்ன வார்த்தையை எழுதச் சொல்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. கடைகடையாக ஏறி "கேமரா வையுங்கள், குற்றம் குறையும்" என்று கேட்டதும் காவல்துறைதான். ஹெல்மெட் போடாமல் போனால் போட்டோவோடு 1,000 ரூபாய் சலான் போனுக்கே வந்துவிடுகிறது. ஒருவனைப் பிடிக்க அவ்வளவு கூர்மையாகப் பார்க்கும் கேமரா, ஒருவனை விடுவிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் ஏன் யாருக்கும் தேவைப்படுவதில்லை?

கோபத்தில் அளவு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவில் ஆள் குறைவு, வேலை அதிகம் என்று எனக்குத் தெரியும். உயிர்ச்சேதம் ஆன விபத்துகளை விட்டுவிட்டு என் பம்பரைப் பாருங்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் விவரம் இல்லாதவன் இல்லை. ஆனால் விபத்து வழக்கில் விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும் என்று 2022-இல் வந்த விதி உங்களுக்கும்தான். அந்த அறிக்கையில் கேமரா பதிவும் மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதியதும் அந்த அம்மாவின் வாக்குமூலமும் சேரட்டும் என்றுதான் கேட்கிறேன். சேர்த்துப் பார்த்தால் என்ன முடிவு வரும் என்று உங்கள் அனுபவத்துக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எனவே ஐயா, ஒரு காவலரிடம் ஒரு கடிதம் கொடுத்து அந்த மருந்துக்கடைக்கு அனுப்புங்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். கடை காலை எட்டு மணிக்குத் திறக்கிறது, மதியம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் மூடுவார்கள். வழக்கு முடியும்வரை வண்டி ஓட்டிப் பிழைக்க எனக்கு லைசென்ஸையோ, அது இல்லையென்றால் சட்டப்படி தர வேண்டிய அந்த ஒப்புகைச் சீட்டையோ கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சீட்டில் கையெழுத்து மட்டும் போதாது, முத்திரையும் வைத்துத் தாருங்கள். முத்திரை இல்லாவிட்டால் கார்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆக்டிங் டிரைவர்