பால்ய சினேகிதியைப் பற்றிய எங்கள் படத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

படத்தின் கடைசிப் பிரதி தயார். பத்து வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழியை முப்பத்திரண்டு வயதிலும் விட முடியாமல், அவள் புகுந்த வீட்டு வாசல்வரை போய் நிற்கும் ஒரு பெண்ணின் கதை. விடாமல் பின்தொடர்வதை அன்பின் ஆழம் என்று காட்டுவது நம் சினிமாவின் நெடுநாள் பழக்கம். இந்தப் படம் அந்தப் பள்ளத்தில் விழாமல் பிடித்து நிறுத்தியவர்களுக்கு இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதலில், திரைக்கதையை மூன்று முறை படித்துத் திருத்திய மனநல மருத்துவர். நாயகிக்கு ஒரு நோய்ப்பெயர் வைத்திருந்தோம். முதல் வாசிப்பிலேயே அதை அடித்துவிட்டார். இன்னார் தன்னைக் காதலிக்கிறார் என்று ஆதாரமே இல்லாமல் உறுதியாக நம்புவது ஒரு நோய். பிரெஞ்சு மருத்துவர் கிளெராம்போ 1921-இல் விரித்து எழுதியது. இந்தப் பெண்ணுக்கு அந்த மயக்கம் கிடையாது. தோழி விலகிவிட்டாள் என்பது தெரியும். தெரிந்தும் தாங்க முடியவில்லை. இரண்டையும் குழப்பினால், மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்று கதை முடிந்துவிடும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் பிடிக்கும். திரைக்கதையில் அதைச் சாப்பிட்ட நான்கே நாளில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரிக் காட்சியை முழுசாக எடுத்துவிட்டோம்.

அதைவிடப் பெரிய உதவி, அவர் போட்ட கணக்கு. நாயகி தோழியைத் தேடிப் போகும் இடத்துக்கெல்லாம் ஓரத்தில் பச்சைக் கோடு. தோழி மறுக்கும் இடத்துக்குச் சிவப்பு. பச்சை 11, சிவப்பு 2. இப்படியே எடுத்திருந்தால் பார்ப்பவர்கள் தோழியைக் கல்நெஞ்சக்காரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று படத்தில் சிவப்பு 7. அவற்றில் நான்கு வாய் திறக்காத மறுப்புகள்: கதவைப் பாதி திறந்து நிலையில் கை வைத்தபடி நிற்பது, காபி வேண்டுமா என்று கேட்காமல் இருப்பது, அப்படி.

வாய் திறக்காத மறுப்பு காதில் விழ வேண்டுமானால் டப்பிங் உதவாது. மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தத்தைப் பிறகு ஸ்டுடியோவில் கொண்டுவருவது பாடு. ஒலிப்பதிவாளர் படப்பிடிப்பு நடந்த 14 நாளும் ஒலியை நேரடியாகவே எடுத்தார். ஒவ்வொரு அறையிலும் ஷாட் முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிறுத்தி, வெறும் அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தார். அந்த ஒரு நிமிடம் இல்லையென்றால் எடிட்டிங்கில் வெட்டு விழும் இடமெல்லாம் ஒலியில் ஓட்டை தெரியும். கஞ்சி போட்ட காட்டன் புடவைதான் அவருக்கு எதிரி. உடையில் மாட்டிய மைக்கில் உரசி மொரமொரக்கும். துணி டேப்பை முக்கோணமாக மடித்து மைக்கின் இரு பக்கமும் ஒட்டி, துணியையும் மைக்கையும் ஒன்றாக அசைய வைத்தார். படத்தின் பாதி உயிர் அந்த டேப்பில் இருக்கிறது என்றே நினைக்கிறோம்.

சிறுமிகள் இருவரின் பெற்றோருக்கும், அனுமதிக்கு வழிகாட்டிய கலெக்டர் அலுவலக ஊழியர்களுக்கும் நன்றி. புதிதாகப் படம் எடுப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்: குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி, குழந்தை நடிக்கப் படிவம் சி-யில் உறுதிமொழி தந்து மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரம் தாண்டக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பில் போக வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் நடக்காது.

சப்டைட்டில் எழுதியவருக்குத் தனி வணக்கம். "வாடி" என்று கூப்பிட்டவள் ஒரு நாள் "வாங்க, உட்காருங்க" என்கிறாள். படம் உடையும் இடமே அந்த 'ங்க' தான். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். அவர் பிள்ளைப்பருவக் காட்சிகளில் செல்லப்பெயரைப் போட்டு, இந்த இடத்தில் முதல்முறையாக முழுப்பெயரை வைத்தார். சப்டைட்டிலில் ஒரு வரிக்கு வழக்கமான வரம்பான 42 எழுத்துக்குள் அடங்கியும் விட்டது.

கும்பகோணத்தில் வீடு கொடுத்த அம்மாவுக்கும், மாலை 7 மணிக்கு ஓடும் கிரைண்டரைக் காலைக்கு மாற்றிக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒலிக்காக ஃப்ரிட்ஜை அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடும். பால், மாவு எல்லாம் வீண். அதற்காக ஒலிப்பதிவாளர் தன் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார். சாவியை எடுக்காமல் யாரும் கிளம்ப முடியாது. 14 நாளும் அந்த அம்மாவின் பால் கெடவில்லை.

அன்புடன்,
படக்குழுவினர்