பொருள்: சோலார் மின்சாரத்துக்கு 20 ஆண்டுகளுக்கும் அலகுக்கு 22 ரூபா என்று கணக்குக் காட்டியது பற்றிய முறைப்பாடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
10.02.2025

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

2017 ஜூன் மாதம் உங்கள் நிறுவனம் எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலார் பொருத்தித் தந்தது. அந்த வேலையில் நான் குறை சொல்லமாட்டேன். பங்குனி வெயிலுக்கும் மார்கழி மழைக்கும் தகடுகள் அசையாமல் கிடக்கின்றன. என் முறைப்பாடு, அன்று நீங்கள் தந்த ஒற்றைக் கணக்குத்தாளைப் பற்றியது.

உங்கள் விற்பனைப் பிரதிநிதி எங்கள் விறாந்தையில் இருந்து விளக்கினார். நெட் மீட்டரிங் எடுத்தால் மிச்ச மின்சாரம் அடுத்த மாதக் கணக்கில்தான் சேரும், கையில் காசு வராது. நெட் அக்கவுண்டிங் எடுத்தால் நாங்கள் பாவித்ததுபோக மிஞ்சும் ஒவ்வோர் அலகுக்கும் மின்சார சபையிடமிருந்து 22 ரூபா வரும் என்றார். அதுவரை உண்மைதான். பிறகு தாளில் எழுதினார்: மாதம் 350 அலகு, 22 ரூபா, 240 மாதங்கள், மொத்தம் 1,848,000 ரூபா. அந்தத் தொகையை நம்பித்தான் வங்கியில் கடன் எடுத்தேன்.

சென்ற ஆண்டு ஜூலையில், 7,700 ரூபா வரவேண்டிய இடத்தில் 5,425 ரூபா வந்தது. மீற்றரில் பிழை என்று எண்ணி மின்சார சபைக்குப் போனேன். அங்கிருந்தவர் என் ஒப்பந்தத்தையே திருப்பிக் காட்டினார். முதல் 7 ஆண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபா. 8ஆம் ஆண்டிலிருந்து 20ஆம் ஆண்டுவரை 15 ரூபா 50 சதம். 2016இல் அரசு தொடங்கிய ‘சூரியபல சங்கிராமய’ திட்டத்தின் விதியே அதுதானாம். சபை எழுதியபடிதான் தருகிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. முப்பது ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன் இப்படி ஏமாந்தேன் என்று வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, உங்கள் தாள் தமிழில் இருந்தது. நான் எதை நம்புவேன் என்று உங்களுக்குத் தெரியாதா? விலை குறையும் 156 மாதங்களுக்கு, மாதம் 2,275 ரூபா வீதம் 354,900 ரூபா வித்தியாசம். இது கை தவறி வந்த கூட்டல் பிழை அல்ல. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒருவர் எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தாளைக் காட்டினார். அதே கையெழுத்து, அதே 240 மாதங்கள்.

முழுத் தொகையையும் கேட்டு நான் வழக்காட வரவில்லை. அந்தக் கணக்கு தவறு என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். இன்வேர்ட்டரின் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அதை இலவசமாகப் பரிசோதித்து, மீதிக் காலத்துக்கான பராமரிப்புச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களிடம் நெட் அக்கவுண்டிங் எடுத்த மற்ற வீட்டுக்காரருக்கும், எட்டாம் ஆண்டு வருமுன் இந்த விலைக் குறைப்பைத் தமிழில் எழுதி அறிவியுங்கள்.

கணக்குத்தாளின் பிரதியையும் இரண்டு மாத மின் பட்டியல்களையும் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் இதே தாளுடன் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்)