டார்சியின் கடிதத்தைத் தாண்டிப் போகாதே

அன்புள்ள மாலதி,

உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், அவளிடம் தனியாகப் பேசுகிறேன். அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, இனி சொட்டு மருந்து மட்டும்தான்.

அப்புறம், ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலைப் படிக்கிறாய் என்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் கதை சூடுபிடிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கடிதம் எழுதிவிடுகிறார்கள், நாயகி எலிசபெத்துக்கு டார்சி எழுதும் நீளக் கடிதத்தைப் பாதியில் தாண்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் மனசு கேட்கவில்லை. அந்த நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

யார் என்ன எழுதுகிறார்கள் என்பதைவிட, வந்த கடிதத்தை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார். உறவுக்காரர் காலின்ஸ் எலிசபெத் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் கடிதம் வந்துவிடுகிறது. தங்கை மேரிக்கு நடை பரவாயில்லை, அம்மாவுக்குக் கோபம் தணிகிறது, அப்பாவுக்கோ இப்படி ஒரு ஆள் கிடைத்தாரே என்று கொண்டாட்டம். இவருக்குப் புத்தி இருக்குமா என்று கேட்பவள் எலிசபெத் மட்டும்தான். எலிசபெத்தின் அக்கா ஜேனை விரும்பும் பிங்லியின் தங்கை கரோலின், நாங்கள் லண்டனுக்குப் போகிறோம், இந்தக் குளிர்காலத்தில் திரும்ப மாட்டோம் என்று ஜேனுக்கு எழுதுகிறாள். ஜேனுக்கு அதில் தோழியின் அக்கறை தெரிகிறது. அண்ணனை ஜேனிடமிருந்து பிரிக்கத்தான் இத்தனையும் என்று எலிசபெத் உடனே கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் சொன்னதுதான் சரி. அடுத்தவர் எழுத்தில் ஒளிந்திருப்பதை இவ்வளவு கச்சிதமாகப் பிடிக்கிறவள்தான், தனக்கென்று ஒரு கடிதம் வரும்போது தடுமாறிப்போகிறாள்.

அதை டார்சி தபாலில் அனுப்பவில்லை, கவனித்தாயா? ரோசிங்ஸ் மாளிகைத் தோட்டத்தருகே காத்திருந்து கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். கல்யாணம் நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய தப்பு. ஆஸ்டினின் இன்னொரு நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் மேரியன் வில்லோபிக்கு எழுதுகிறாள் என்று தெரிந்ததுமே, ரகசியமாக நிச்சயமாகியிருக்கும் என்று அக்கா எலினோர் எண்ணுவது அதனால்தான். டார்சியின் கடிதம் வெளியே தெரிந்தால் பேர் கெடப்போவது எலிசபெத்துக்கு. அது தெரிந்தும் எழுதுகிறான், நெருக்கி நெருக்கி இரண்டு தாள் எழுதி, உறையிலும் இடம் விடாமல் எழுதியிருக்கிறான். முந்தின நாள் கல்யாணம் கேட்டு அவளிடம் அவ்வளவு திட்டு வாங்கிய மனிதன், காலை எட்டு மணி என்று நேரம் போட்டு.

இனி 36ஆம் அத்தியாயத்துக்கு வா. முதல் தடவை அவள் படிப்பது படிப்பே இல்லை. அடுத்த வரி என்ன சொல்லுமோ என்ற பதற்றத்தில் கண்முன் இருக்கும் வரி மனசில் ஏறவே இல்லை. எல்லாம் பொய், இனி இதைத் தொடவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடி பிரிக்கிறாள். டார்சியைப் பற்றி அவளிடம் குறை சொல்லியிருந்த விக்கம் பற்றிய பகுதியை வரி வரியாகப் படிக்கப் படிக்க, அவன் பேசியதெல்லாம் ஞாபகம் வருகிறது. அறிமுகமாகிக் கொஞ்ச நாள்கூட ஆகாத ஒரு பெண்ணிடம் எதற்காக அத்தனையும் கொட்டினான்? டார்சியைப் பார்த்து ஒதுங்க மாட்டேன் என்றவன் பிங்லியின் நெதர்ஃபீல்ட் வீட்டு நடன விருந்துக்கு ஏன் வரவில்லை? டார்சி ஊரில் இருந்தவரை இவளிடம் மட்டும் சொன்னதை, அவன் போனதும் ஏன் ஊர் முழுக்கச் சொன்னான்? இவை எதுவும் புதுச் செய்தி இல்லை, மாலதி. நமக்கும் தெரிந்தவைதான், நாமும் அவளோடு சேர்ந்து கேட்டுவிட்டு விட்டுவிட்டோம். நேரில் பேசும்போது விக்கமின் முகமும் சிரிப்பும் அவளை யோசிக்க விடவில்லை. தாளில் முகம் இல்லை. பிடிக்காத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம், பதில் சொல்ல அவசரம் இல்லை. இந்த நிமிஷம் வரை என்னையே நான் அறிந்திருக்கவில்லை என்று அவள் சொல்லும் இடம் அப்படித்தான் வருகிறது. அது பால்ரூமிலோ டார்சியின் பெம்பர்லி மாளிகையிலோ வரவில்லை, தனியாக நடந்துகொண்டே ஒரு கடிதத்தைப் படிக்கும்போது வருகிறது. ஜேன் ஆஸ்டினின் துணிச்சல் என்று நான் நினைப்பது இதைத்தான்.

கடைசியில் டார்சி, அந்தக் கடிதத்தை அழித்திருப்பாய் என்று நம்புகிறேன், அதன் ஆரம்பத்தை நீ மறுபடி படிப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்கிறான். அமைதியாகத்தான் எழுதுகிறோம் என்று அப்போது எண்ணினானாம், மனசு கசந்துபோய் எழுதியது பிறகுதான் புரிந்ததாம். கசப்பில் தொடங்கியிருக்கலாம், கசப்பில் முடியவில்லை என்கிறாள் எலிசபெத். கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்றுதானே அது முடிகிறது. கடைசி வரிவரை படித்தவளால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அதனால் 35, 36 இரண்டையும் ஒரே மூச்சில் படி, பிறகு மேலே போ. எலிசபெத் பயணத்தில் தங்கும் லேம்ப்டனில் ஜேனின் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்து சேரும் இடத்தையும் தாண்டிவிடாதே. எலிசபெத்தின் தோழி சார்லட் காலின்ஸைக் கட்டிக்கொண்டது சரியா தப்பா என்று எனக்கு ஒரு முடிவு இருக்கிறது, முதலில் நீ எழுது.

அன்புடன்,
வசந்தி