அவமானம் வேறு, அவமதிப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவமானம், அவமதிப்பு, அவதூறு மூன்றும் செய்திகளில் இடம் மாறி விழுகின்றன. அவமதிப்பு செய்கிறவர் பக்கத்துச் சொல்; அவமானம் படுகிறவர் பக்கத்துச் சொல். அதனால்தான் நீதிமன்ற அவமதிப்பு என்கிறோம். ஒருவர் அவமதித்தாலும் எதிராளி அவமானப்படாமல் சிரித்துவிட்டுப் போகலாம். அவதூறுக்கோ மூன்றாம் ஆள் வேண்டும். நேருக்கு நேர், யாரும் இல்லாதபோது திருடன் என்று திட்டினால் வசவு; அதையே பொய்யாக நாலு பேரிடம் சொன்னால் அவதூறு.

‘கோடிக்கணக்கில் கேட்டு அவதூறு வழக்கு’ என்று தலைப்பு போடுவதும் தவறு. அவதூறு வழக்கு குற்ற வழக்கு. 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. 2 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. காவல் நிலையத்தில் நேரே எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். பணம் கேட்பது மானநஷ்ட வழக்கு. அது சிவில், ஓராண்டுக்குள் தொடுத்தாக வேண்டும்.

அதிகம் இடறுவது ‘அசிங்கம்’. வடசென்னையில், காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஒருவர் “நாலு பேர் எதிர்ல அசிங்கப்படுத்திட்டான் சார்” என்றால் அவமானப்படுத்தினான் என்றே பொருள். “அசிங்கமா பேசிட்டான்” என்றால் கெட்ட வார்த்தை. பொது இடமானால் அதே சட்டத்தின் 296ஆம் பிரிவு, 3 மாதம் வரை சிறை. “அசிங்கமா நடந்துக்கினான்” என்பது பெரும்பாலும் பாலியல் சீண்டல். இந்த மூன்றையும் ‘ஆபாசமாக’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், புகார்தாரர் சொல்லாத குற்றம் தாளில் ஏறிவிடும். பிறகு குறுக்கு விசாரணையில் “நான் அப்படிச் சொல்லலியே” என்று அவரே சொல்ல, வழக்கு ஆட்டம் காணும். (மனு எழுதித் தருகிறவர்களுக்கும் இது பொருந்தும், சொன்னதைச் செந்தமிழாக்குவதில் அவர்களுக்குத் தனி ஆசை.) அவர் சொன்ன வார்த்தையை மேற்கோளில் அப்படியே போட்டுவிட்டு, “என்ன செய்தான், என்ன சொன்னான்?” என்று இன்னொரு கேள்வி கேட்டால் போதும்.

வெட்கம் இந்தக் கூட்டத்தில் சேராது. யாரும் பார்க்காதபோதும் அது வரும். அதிலும் இரண்டு வகை உண்டு. செய்த செயலுக்காக நாணுவது ஒன்று, பெண்களின் இயல்பான நாணம் இன்னொன்று என்று வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே பிரித்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. பாலியல் குற்றச் செய்திகளில் ‘கற்பழிப்பு’, ‘மானபங்கம்’ இரண்டையும் விட்டுவிடுங்கள். அவன் செய்த குற்றத்தை அவள் இழந்த ஒன்றாக அவை மாற்றிவிடுகின்றன. பாலியல் வன்கொடுமை, பாலியல் சீண்டல் என்ற சொற்கள் புழக்கத்தில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.